பிழையை எந்தக் கருவி காட்டிக் கொடுத்தது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தரமணியிலிருந்து:

எனக்கு உதவியது கிட் பைசெக்ட். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்ற பதிவாக வரலாற்றில் சேர்த்துவைக்கும் கருவி கிட். அந்த வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, பிழை நுழைந்த கமிட்டைக் கண்டுபிடிக்கும் கட்டளை பைசெக்ட். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிவந்தோம். ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில் கடைக்காரர்களிடமிருந்து புகார்கள் வரத் தொடங்கின. ஒரே பில்லில் தள்ளுபடியுள்ள பொருள்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால், கடைசிப் பொருளின் தள்ளுபடி மட்டுமே கழிந்தது. மற்ற மாதங்களில் அப்படிப்பட்ட பில்கள் அரிதாகவே வந்ததால் பிழை வெளியே தெரியவில்லை.

கூட்டத்தில் குழுத்தலைவர் கிட் பிளேமைத் திறந்து, தள்ளுபடியைக் கூட்டும் வரிக்கு நேராக இருந்த பெயரை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். அது சமீபத்தில் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் பெயர். அவர் ஒன்றும் பேசவில்லை. பிளேம் காட்டுவது ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரை மட்டுமே என்பதும், கெடுத்தவரைக் காட்டுவது அதன் வேலையே அல்ல என்பதும் அந்த அறையில் இருந்த பலருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அதைச் சொல்லவில்லை.

அன்று மாலை நான் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதினேன். தள்ளுபடியுள்ள இரண்டு பொருள்களுக்கு அது ஒரு பில் போடும். தொகை சரியாக இருந்தால் பூஜ்யத்தையும், தவறாக இருந்தால் ஒன்றையும் திருப்பி அனுப்பும். அதைத் தானாகவே ஓட்டிப் பார்க்கும் பைசெக்ட் ரன் கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டேன். ஒவ்வொரு சோதனையிலும் வரலாறு பாதியாகக் குறைவதால், ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் விடை வந்துவிடும். வந்த விடை, மூத்த ஒருவர் செய்த கமிட். அதற்கு அவர் எழுதியிருந்த குறிப்பு, 'இடைவெளித் திருத்தம் மட்டும்'. பைத்தானில் ஒரு வரிக்கு முன்னுள்ள இடைவெளிதான் அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். தள்ளுபடியைக் கூட்டும் வரி நான்கு இடைவெளி இடப்பக்கம் நகர்ந்ததில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை ஓடும் சுழற்சிக்கு வெளியே போய்விட்டது. மறுஆய்வு செய்தவர் இடைவெளி மாற்றங்களை மறைக்கும் வசதியை இயக்கி வைத்திருந்ததால், அவர் கண்ணுக்கு அந்த மாற்றமே தெரியவில்லை. அந்தப் பெண் பின்னர் அதே வரியில் ஒரு மாறியின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

மறுநாள் திரையை அவரிடம் காட்டினேன். அவர் கமிட்டின் விவரத்தைப் படிக்காமல், தேதி இருந்த வரியில் மட்டும் விரலை வைத்து, "இந்தத் தேதியில் நான் இந்த வேலையில் சேரவே இல்லையே, சார்" என்றார். பிழைப் புகார் மூடப்பட்டது, திருத்தம் வெளியானது. ஆனால் அடுத்த கூட்டத்தில் ஒருவரும் அவர் பெயரை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்பத்தூரிலிருந்து:

எனக்கு உதவியது, எழுத்துகள் கணினியில் சேமிக்கப்படும் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி என்ற கருவி. ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவு மென்பொருளைப் பராமரித்துவந்தோம். ஒரு பிழைப் புகாரை நேரில் பார்ப்பதற்காகப் பதிவு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தபோது, ஒரு மூதாட்டி வந்தார். பெயர் கோமதி. கையில் அதே மருத்துவமனை கொடுத்த அட்டை இருந்தது. மேசையில் இருந்தவர் அட்டையைப் பார்த்துப் பெயரைத் தட்டச்சு செய்தார். 'பதிவு இல்லை' என்று வந்தது. "உங்கள் பெயர் இங்கே இல்லை, பாட்டி" என்றதும், அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தான் வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று மகனைக் கேட்டார்.

தேடிய பெயரையும் தரவுத்தளத்தில் இருந்த பெயரையும் எடுத்து எக்ஸ்எக்ஸ்டியில் போட்டேன். திரையில் இரண்டும் ஒரே 'கோமதி'தான். ஆனால் ஒன்று 15 பைட், மற்றொன்று 18 பைட். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். புதிய பதிவுகளில் ஓகாரக் குறி ஒரே குறியாக இருந்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பதிவுகளில் அதே ஓகாரம், இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகப் பிரிந்து கிடந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோட் இந்த இரண்டையும் சமமானவையாகவே வைத்திருக்கிறது. ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் தேடலுக்கு அது தெரியாது. ஒகரமும் ஔகாரமும் உள்ள பெயர்களுக்கும் இதே கதிதான். கொடி, கௌரி, சோலை, மோகன் என்று நம் ஊரில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரிடம் பெயர் இல்லை என்று சொல்லியிருப்பார்களோ!

சிறுசேரியிலிருந்து:

தரமணி நண்பர் பிளேமின் மேல் இத்தனை குறை சொல்லியிருக்கக் கூடாது. எந்த வரி என்று தெரிந்த பிறகு பைசெக்ட் எதற்கு? கிட் லாக் கட்டளைக்கு அந்த வரியின் எண்ணைக் கொடுத்தால், அந்த வரி பிறந்ததிலிருந்து அடைந்த எல்லா மாற்றங்களும், இடைவெளி மாற்றம் உட்பட, வரிசையாக வந்துவிடும். ஒரு நிமிட வேலை அது.

எங்கள் குழுவை பைசெக்ட் கைவிட்டுவிட்ட அனுபவமும் எனக்கு உண்டு. கமிட்டுகளில் பெரும்பகுதி கம்பைல் ஆகவே இல்லை, அதாவது ஓட்டக்கூடிய மென்பொருளாக மாறவே இல்லை. அப்படிப்பட்டவற்றைத் தாண்டச் சொல்லி ஸ்கிரிப்டிலிருந்து 125 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பினோம். கடைசியில், குற்றவாளி இவற்றில் எதுவாகவும் இருக்கலாம் என்று ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்துவிட்டு அது நின்றுவிட்டது.

ஆகவே எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு கமிட்டும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். இடைவெளி போன்ற அமைப்புத் திருத்தத்தையும் நிரலின் பொருளை மாற்றும் திருத்தத்தையும் ஒரே கமிட்டில் கலக்கவே கூடாது. பைத்தானில் அமைப்புத் திருத்தத்தைக் கையால் செய்யாமல் பிளாக் போன்ற கருவியிடம் விட்டுவிடுங்கள். திருத்திய பின்னும் நிரலின் கட்டமைப்பைக் குறிக்கும் இலக்கண மரம் மாறவில்லையா என்று அது சரிபார்த்துக்கொள்ளும் என்பதால், சுழற்சியிலிருந்து ஒரு வரி நழுவ அங்கே வழியில்லை. பெரிய அமைப்புத் திருத்தக் கமிட்டுகளின் அடையாளங்களை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், பிளேம் அவற்றைத் தாண்டிப் போய் அதற்கு முந்தைய ஆசிரியரைக் காட்டும். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. பைத்தான் நிரலை மறுஆய்வு செய்யும்போது இடைவெளியை மறைக்கும் வசதியை ஒருபோதும் இயக்காதீர்கள். ஜாவாவுக்கு அது பொருந்தலாம், பைத்தானில் இடைவெளிதான் நிரலின் பொருளையே தீர்மானிக்கிறது. ஒரு பிழை பிடிபட்டதும் அதைப் பிடித்த ஸ்கிரிப்டைத் தூக்கி எறியாமல், நிரந்தரச் சோதனையாகச் சேர்த்துவிடுங்கள்.

பள்ளிக்கரணையிலிருந்து:

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் ஒரு வெளியீட்டின் விளிம்பில் இருந்தோம். மறுநாள் எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, தெருவெல்லாம் சாய்ந்த மரங்கள். என் மடிக்கணினியில் மிச்சமிருந்த மின்கலத்தை வைத்துக்கொண்டு, கிட் பண்டில் கட்டளையால் முழு வரலாற்றையும் ஒரே கோப்பாக்கி ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். பெங்களூருக்குப் பேருந்தில் கிளம்பிய சக ஊழியர் ஒருவரிடம் அதை ஒப்படைத்தேன். அவர் அங்கிருந்து அந்தக் கோப்பையே வரலாற்றை வைத்திருக்கும் ஒரு களஞ்சியம் போல நகலெடுத்து, சர்வருக்கு அனுப்பிவிட்டார். ஒரு கமிட்கூட விடுபடவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும், உலகெங்கும் சிதறியிருக்கும் நிரலாளர்களுக்காக 2005-இல் எழுதப்பட்ட கருவி கிட். ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்க வேண்டும் என்ற அதன் ஏற்பாடு எத்தனை பெரிய விஷயம் என்பது, மரத்தைத் தாண்டித் தாண்டி முதன்மைச் சாலைக்கு நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணா நகரிலிருந்து:

கோயம்பேட்டில் ஒரு காய்கறி மொத்த வியாபாரியின் கணக்கு மென்பொருள். நாள் விற்பனை ஒருநாளும் பொருந்தவில்லை என்று அவர் சொல்ல, மென்பொருளை விற்றவர்கள் அவருடைய ஆட்கள் தவறாகப் பதிவதாகச் சொல்லிவந்தார்கள். என்னைப் பார்க்கச் சொன்னார்கள். வியாபாரி தம் கைக்கணக்கு நோட்டைத் திரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் எதிரே மணி எழுதப்பட்டிருந்தது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்தரை வரை நடந்த விற்பனை முழுவதும் மென்பொருளில் முந்தைய நாள் கணக்கில் விழுந்திருந்தது. ஐந்தரை என்ற எண்ணைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. சர்வர் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அலுவலக நேரத்தில் விற்கும் கடைக்கு இது தெரியவே தெரியாது. விடியுமுன் வியாபாரம் முடிகிற கோயம்பேட்டுக்குத்தான் அடி.

லினக்ஸில் ஃபேக்டைம் என்று ஒரு கருவி உண்டு. புரோகிராமுக்கு மட்டும் வேறு நேரத்தைக் காட்டும். அதைக் கொண்டு இரவு இரண்டு மணியைக் காட்டி ஒரு விற்பனையைப் பதிந்து, நேற்றைய தேதி விழுவதை அவர் கண்ணெதிரே காட்டினேன். அவர் உடனே தம் கணக்கரைக் கூப்பிட்டு, "தப்பு உன் மேல இல்லப்பா" என்றார்.

தரமணியிலிருந்து:

சிறுசேரி நண்பருக்கு. வரி தெரிந்திருந்தால் கிட் லாக் போதும் என்பது சரி. ஆனால் எங்களுக்கு அன்று தெரிந்தது பிழையான வரி அல்ல, குழுத்தலைவர் சந்தேகித்த வரி. அவர் சந்தேகித்த வரிதான் பிழையான வரி என்று பிறகு தெரிந்தது வேறு விஷயம். சந்தேகத்திலிருந்து தொடங்கும் கருவி, சந்தேகப்பட்டவரின் கையைத்தான் பின்தொடரும். பில் தொகை தவறு என்ற நடத்தையிலிருந்து தொடங்கும் பைசெக்டுக்கு யார் பெயரும் தேவைப்படவில்லை. மற்றபடி, சோதனையை நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். எங்கள் ஸ்கிரிப்ட் அப்படித்தான் சேர்க்கப்பட்டது.

பெருங்களத்தூரிலிருந்து:

அம்பத்தூர் நண்பருக்கு ஒரு கேள்வி. பழைய பதிவுகளை எப்படிச் சரிசெய்தீர்கள்? எங்களிடம் ஒரு நூலகத்தின் நூற்பட்டியல் இதே நிலையில் கிடக்கிறது.

அம்பத்தூரிலிருந்து:

உள்ளே வரும் பெயரையும், தேட வரும் சொல்லையும், ஏற்கெனவே உள்ள பதிவுகளையும் யூனிகோடின் என்.எஃப்.சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றினோம். அதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 13-ஆம் பதிப்பு முதல் இதற்கான நார்மலைஸ் செயற்கூறு தரவுத்தளத்திலேயே இருக்கிறது. பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதி போதும். ஒரு எச்சரிக்கை: சிலர் ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டியிருப்பார்கள். அது வேறு எழுத்து என்பதால் என்.எஃப்.சி அதைத் தொடாது. ஒற்றைக் கொம்பை அடுத்து ளகரம் வரும் சொற்களைத் தனியே பிரித்தெடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும், ஏனென்றால் 'தெளிவு' போன்ற சரியான சொற்களும் அந்த வலையில் வந்து விழும். மாற்றுவதற்கு முன் மூலப் பதிவை அட்டவணையின் இன்னொரு நெடுவரிசையில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.