வெள்ளம் வடிந்த பின் மருத்துவ முகாம்: காவிரி, பவானிக் கரை அனுபவங்கள்

மருந்தாளுநர், குமாரபாளையம் பக்கம்

மேட்டூர் 120 அடி நிரம்பி, அதே நேரம் பவானிசாகரிலும் உபரி நீர் திறந்தால் பவானி ஆறு காவிரியில் சேரும் கூடுதுறைக்குக் கீழே கரையோரத் தெருக்கள் தாங்காது. 2018 ஆகஸ்டில் பார்த்ததுதான். அணைத் தண்ணீர் சொல்லிவிட்டு வருவதால் ஆட்களை முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ ஏற்றிவிடுகிறார்கள். ரேஷன் கார்டும் நகையும் கையோடு வந்துவிடும். மாத்திரை டப்பா அலமாரியிலேயே நின்றுவிடும்.

நன்கொடைப் பெட்டிகளில் இருமல் டானிக்கும் பாராசிட்டமாலும் குவிந்து கிடக்கும். வரிசையில் கேட்பதோ, "ஏனுங், சக்கரை மாத்திரை இருக்குங்களா?" என்ன மாத்திரைங்க அமுச்சி என்றால், "வெள்ளையா, சின்னதா இருக்குமுங்க." அந்த அடையாளத்துக்கு எத்தனையோ மாத்திரை உண்டு, ஊகித்துக் கொடுக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரிடம், அந்தத் தெருவில் யாருக்கு என்ன மாத்திரை போகிறது என்ற விவரம் இருக்கும். அவரை வாசலில் உட்கார வைப்பது இன்னும் இரண்டு டாக்டர்களை வரவழைப்பதைவிட உபயோகம்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகிய சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகுதான் மாத்திரை. வீட்டு வழக்கப்படி எட்டு மணிக்கு விழுங்கிவிட்டு, பொட்டலம் பத்தரைக்கு வந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, ஆள் சாய்ந்துவிடுவார். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கிறேன் என்று ஐஸ்கட்டிக்குள் புதைப்பதும் அடிக்கடி நடக்கிறது. உறைந்து உருகிய இன்சுலின் வீண், கீழே கொட்ட வேண்டியதுதான். அதற்குப் பதிலாக மண்பானைக்குள் சின்னப் பானை, அதற்குள் இன்சுலின், இரண்டு பானைக்கும் நடுவே ஈர மணல், மேலே ஈரத்துணி. பவர் வரும்வரை இது போதும்.

கிராம சுகாதார செவிலியர், கொடுமுடி வட்டாரம்

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட் கொடுத்தால் மட்டும் போதாது. பெரிய பாக்கெட் 20.5 கிராம், அது ஒரு லிட்டருக்கு. முகாமில் கையில் இருப்பது டம்ளர். முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். பாக்கெட்டோடு ஒரு லிட்டர் காலி வாட்டர் பாட்டிலையும் கையில் கொடுத்துவிடுங்கள், பேச்சு மிச்சம். கரைத்தது 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கூடவே ஜிங்க்: 6 மாதத்துக்கு மேல் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., 14 நாள். பேதி நின்றதும் தாய்மார் நிறுத்திவிடுகிறார்கள். "நின்னாலும் முடிக்கோணும் அம்மிணி" என்று சொல்லி, 14 மாத்திரையையும் எண்ணிக் கையில் கொடுப்பதே வழி.

சுகாதார ஆய்வாளர்

கிணறுதான் பெரிய வேலை. இதில்தான் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். பிளீச்சிங் பவுடரைச் சாக்கோடு தூக்கி மேலே தூவிவிட்டுப் போனால் அது பாதி மிதக்கும், பாதி அடியில் சுண்ணாம்பாகப் படியும்.

முதலில் அளவு. வட்டக் கிணறு என்றால் விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் (மீட்டரில்) × 0.785, அது கன மீட்டர். 5 மீட்டர் விட்டம், 6 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 118 கன மீட்டர், அதாவது 1,18,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் கிட்டத்தட்ட 300 கிராம். இது 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. திறந்து வைத்த மூட்டை, நெடி போன மூட்டை என்றால் இந்தக் கணக்கு உதவாது.

பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடிச்சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து ஓ.டி. சோதனை, அதாவது தண்ணீரில் மீதமுள்ள குளோரினை மஞ்சள் நிறத்தால் காட்டும் சோதனை. லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரினைக் காட்டும் மஞ்சள் வர வேண்டும். வெள்ளக் கிணற்றில் முதல் தடவை பெரும்பாலும் வராது, கலங்கலே குளோரினைத் தின்றுவிடும். அதனால் முடிந்தால் மோட்டார் வைத்துச் சேற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லையென்றால் அளவைக் கூட்டி மறுபடி சோதியுங்கள். ஓவர்ஹெட் டேங்கில் மருந்து போட்டாயிற்று என்று டேங்கடியிலேயே பார்த்துக் கையெழுத்துப் போடுவதில் பிரயோசனமில்லை, கடைசித் தெருக் குழாயில் பாருங்கள்.

மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையம்

எலிக்காய்ச்சல் தடுப்புக்கு, சேற்றில் இறங்கி வேலை செய்யும் பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 200 மி.கி. வாரம் ஒருமுறை. எல்லோருக்கும் வாரி வழங்குவதல்ல. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடாது. சாப்பிட்ட பின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

வரப்பு முழுகினால் பாம்பு மேட்டுக்கு ஏறும், விறகு அடுக்கும் மாட்டுக்கொட்டகையும் கவனம். கண்ணாடி விரியன் சந்தேகத்தில் ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாது. தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்றுவீர்கள். அந்த மருந்துக் குப்பியைக் குலுக்காதீர்கள், நுரைக்கும்; உருட்டிக் கரையுங்கள்.

சேற்றுப்புண்ணுக்குக் கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். கழுவித் துடைத்து, விரலிடுக்கு காய வேண்டும், அதன் மேல்தான் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் கொல்லிக் களிம்பு.

தன்னார்வலர், பவானி

ஜமக்காள நெசவு வீடுகளில் குழித்தறிக் குழியை (நெய்பவர் கால் இறக்கி உட்காரும் தரைக்குழி) யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீடு காய்ந்து பத்து நாளானாலும் குழியில் தண்ணீர் நிற்கும், அதற்குள் கொசுப்புழு கொசுவாகிவிடும். ஒரு வாரத்துக்குள் வாளியில் மொண்டு கொட்டித் துடைக்க வேண்டும். காலில் புண் இருப்பவர் இறங்க வேண்டாம். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி என்றால் மோட்டார் நனைந்திருக்கும், எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள்.