‘கார்ட்’ என்பதற்குத் ‘தன்விடு பூட்டு’ சரிவருமா?

வணக்கம்.

> லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் வரும் ‘கார்ட்’ (guard) என்பதற்குத் தமிழில் ‘தன்விடு பூட்டு’ என்று வைக்கலாம். ‘சுழல்பூட்டு’ (ஸ்பின்லாக்) போலவே வினைத்தொகை, ஓசையும் ஒத்துப்போகிறது.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது.

பழைய கெர்னல் நிரலில் செயற்கூறின் (ஃபங்ஷன்) தொடக்கத்தில், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூட்டெக்ஸைப் பூட்டுவார்கள். நடுவில் நான்கு இடங்களில் பிழை வரலாம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ‘கோட்டூ’ (goto) போட்டு, அடியில் பூட்டைத் திறக்கும் வரிக்குத் தாவ வேண்டும். எங்காவது ஓரிடத்தில் மறந்துபோய் நேராக ‘ரிட்டர்ன்’ எழுதி வெளியேறினால் போச்சு. பூட்டு பூட்டியபடியே கிடக்கும், அடுத்து வரும் திரெட் (நிரலின் இன்னோர் ஓட்டம்) காத்துக்கொண்டே நிற்கும். 2023இல் வந்த 6.5 பதிப்பில் கெர்னல் உருவாக்குநர் பீட்டர் ஜில்ஸ்ட்ரா சேர்த்த ‘கார்ட்’ இந்தத் தாவலைத் தேவையற்றதாக்கியது. ஒரே வரியில் பூட்டை எடுக்கிறோம். அந்த நிரல்தொகுதியை (பிளாக்) விட்டு எந்த வழியாக வெளியேறினாலும், திறக்கும் வேலையைக் கம்பைலரே செருகிவிடும். ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் உள்ள ‘கிளீனப்’ பண்பு செய்யும் வேலை இது.

சரி, இதில் பூட்டு எது, கார்ட் எது? பூட்டு முன்பே இருக்கிறது, பின்பும் இருக்கும். கார்ட் என்பது அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும் உள்ளூர் மாறி (லோக்கல் வேரியபிள்). அதோடு, இன்டரப்டை (வன்பொருள் தரும் குறுக்கீடு) நிறுத்திவைக்கவும், பிரீஎம்ப்ஷனை (ஓடும் வேலையை நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) தடுக்கவும், ஆர்சியூ (RCU, பகிர்ந்த தரவைப் படிக்கும் ஒரு முறை) வாசிப்புக்கும் இதே கார்ட்தான். ஆர்சியூவில் வாசிப்பவர் பூட்டே எடுப்பதில்லை. அங்கே போய்த் ‘தன்விடு பூட்டு’ என்று எழுதினால், எந்தப் பூட்டு என்று படிப்பவர் தேடுவார்.

‘காவல்’ என்றால் பாதுகாப்பு மென்பொருள் பக்கம் போய்விடும். நான் முன்வைப்பது ‘காப்பு’. ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டவருக்கு அந்த நாட்களுக்கு மட்டும் கட்டுப்பாடு, முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். கார்ட் செய்வதும் இதுவே. வினைச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: ‘இங்கே மியூட்டெக்ஸ் காப்புக் கட்டுகிறோம், தொகுதி முடிவில் தானே அவிழும்’. ஒரே செயற்கூறில் இரண்டு காப்பு கட்டினால் பின்னால் கட்டியது முதலில் அவிழும். ரஸ்ட் நிரல்மொழியின் மியூட்டெக்ஸ் கார்டுக்கும் இதே சொல் பொருந்தும்.

‘ஸ்கோப்டு கார்ட்’ தனக்கென்று அடைப்புக்குறிக்குள் ஒரு தொகுதியை வைத்துக்கொள்வதால், அதைத் ‘தொகுதிக் காப்பு’ எனலாம். ‘எல்லைக் காப்பு’ என்றும் யோசித்தேன், ராணுவம் வந்து நின்றது.

---

> நான் முன்வைப்பது ‘காப்பு’.

ஐயா, ஆர்சியூ எடுத்துக்காட்டு போதும், ‘பூட்டு’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். ஆனால் ‘காப்பு நகல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. ‘காப்பு எடுத்தாயா’ என்றால் எங்கள் அலுவலகத்தில் பேக்கப்தான். வினையை வைத்துப் பிரித்துவிடலாம் என்று தோன்றுகிறது: எடுப்பது நகல், கட்டுவது கார்ட். அப்படியென்றால் ‘காப்பு’ என்று மட்டும் சொற்பட்டியலில் போடாமல் ‘கட்டுகாப்பு’ என்று போடுவோமா?

அப்புறம், ‘தொகுதிக் காப்பு’ என்றால் எனக்கு எம்எல்ஏதான் நினைவுக்கு வருகிறார். அதற்கு மட்டும் வேறு பாருங்கள்.