பி450 போர்டில் டவர் கூலர் மாட்ட வேண்டும், பழைய கூலரைக் கழற்றத்தான் பயம்

செந்தூல்வாசி:

வணக்கம். செந்தூலில் ஒரு சின்ன அறை எடுத்து, கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். கணினியில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ப்ராசஸரின் சூட்டைத் தணிக்க அதன் பெட்டியோடு வந்த குட்டைக் கூலர். அறையில் ஏர்கான் கிடையாது. மதியத்தில் அறையே 31, 32 டிகிரி இருக்கும். அந்த நேரத்தில் எடிட் முடித்த வீடியோவைக் கோப்பாக்க ரெண்டர் போட்டால் ப்ராசஸர் 88, 89 டிகிரிக்குப் போய் நிற்கிறது. ஃபேன் போடும் சத்தத்தில் ஆடியோவைச் சரிபார்க்கவே முடியவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எடுத்த காட்சிகள் வேறு குவிந்து கிடக்கின்றன.

அதனால் கணினிக் கடைகள் இருக்கும் லோ யாட்டுக்குப் போய் டீப்கூல் ஏகே400 என்ற உயரமான டவர் கூலரை வாங்கி வந்தேன். கேஸைக் கொண்டு வந்தால் மாட்டித் தருகிறோம் என்று கடையில் சொன்னார்கள். அதைத் தூக்கிக்கொண்டு எல்ஆர்டி, அப்புறம் மோனோரயில் என்று ஏறி இறங்க மனமில்லை. தவிர, இது எனக்குச் சோறு போடும் கருவி. அதைத் திறந்து மூட எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதியதை மாட்டுவது வீடியோ பார்த்தால் புரிகிறது. பழையதைக் கழற்றுவதுதான் பயம். ஒரு நண்பருக்குக் கூலரோடு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிட்டன. அதைத் தவிர்ப்பது எப்படி? போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடு கழன்று விழும் என்கிறார்களே, உண்மையா?

பாயான் லெப்பாஸ் அக்கா:

தம்பி, பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். இந்த வேலையில் ஆபத்தான கட்டம் கழற்றுவதுதான். மாட்டும்போது தவறினால் வெப்பம் ஏறும், திரும்பக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். கழற்றும்போது தவறினால் ப்ராசஸரே போய்விடலாம்.

உங்கள் போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட். அதற்கான ப்ராசஸரில் பின்கள் அதன் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. சாக்கெட்டின் பக்கத்தில் இருக்கும் நெம்புகோல் அந்தப் பின்களைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மேலிருந்து அமுக்கி வைக்க எதுவும் இல்லை. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட்டோ நாள்பட நாள்பட காய்ந்து பிசின் போல ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டு சாக்கெட்டின் பிடியைவிடப் பலமாகிவிட்டால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, ப்ராசஸர் உருவிக்கொண்டு வந்துவிடும். உங்கள் நண்பருக்கு நடந்தது இதுதான்.

ஆகவே கழற்றுவதற்கு முன் ஒரு ரெண்டரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பேஸ்ட் இளகட்டும். பிறகு கணினியை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, கேபிளை உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேஸைப் படுக்க வையுங்கள். ஃபேன் ஒயரைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எல்லாம் கழன்ற பிறகு கூலரைத் தூக்காதீர்கள். இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். உங்களுடையது வட்டமான கூலர், திருக வசதியாக இருக்கும். ஒட்டு விடுபட்டது கைக்கே தெரியும். அதற்கு அப்புறம்தான் மேலே எடுக்க வேண்டும்.

திருகியும் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்ட வேண்டாம். முடி உலர்த்தும் டிரையரைக் கூலரின் அடிப்பகுதிக்குக் காட்டி, இன்னும் கொஞ்சம் சூடாக்கித் திரும்ப முயலுங்கள். ஒருவேளை ப்ராசஸர் ஒட்டியபடியே வந்துவிட்டால், ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது. பின்களில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இடையில் விட்டு அறுத்து எடுக்கலாம்.

தகடு விஷயம் உண்மைதான். ஏஎம்4 போர்டில் பின்தகட்டைப் பிடித்திருப்பது கூலரின் அந்த நான்கு ஸ்க்ரூக்களே. அவை கழன்றால் தகட்டுக்குப் பிடிமானம் இல்லை. முதலிலேயே கேஸின் பின்பக்க மூடியைத் திறந்து, தகட்டின் மேல் குறுக்காக இரண்டு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். புதிய கூலரும் இதே தகட்டில்தான் ஏறும், பத்திரம். அடுத்து 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் தகடு சாக்கெட்டோடு சேர்த்தே இறுக்கப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பேஸ்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் இங்கே பாயான் லெப்பாஸில் சிப் அசெம்பிளி வரிசையில் வேலை பார்த்தவள். உங்கள் 5600இல் உள்ளே இருக்கும் சிலிக்கானுக்கும் மேலே தெரியும் உலோக மூடிக்கும் நடுவே ஈயப்பற்றைப் போல உலோகப் பற்று வைத்துத்தான் இணைத்திருக்கிறார்கள். உள்ளே வெப்பம் நன்றாகவே கடந்து வரும். மூடிக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதை அலட்சியமாக விடாதீர்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பளிச்சென்று துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். கூலர் அமுக்கும்போது தானே பரவும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரிப்பேர்க்காரர்:

அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடே. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். முதல்முறை செய்கிறவர்களிடம் பட்டாணி அளவு என்றால் பயந்து கடுகளவு வைக்கிறார்கள். மூலைகள் காய்ந்து கிடக்கும். மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட் என்றால், கொஞ்சம் கூடுதலாகி ஓரத்தில் பிதுங்கினாலும் கெடுதல் இல்லை. குறைந்தால்தான் கெடுதல். நான் எக்ஸ் வடிவில் இரண்டு மெல்லிய கோடுகள் போடச் சொல்லுவேன். கூலரின் அடியில் ஏற்கெனவே பேஸ்ட் தடவி வந்திருந்தால் எதுவும் போட வேண்டாம்.

துடைக்க ஹேண்ட் சானிட்டைசர் ஜெல்லைப் பயன்படுத்தாதீர்கள். அதில் கிளிசரின் மாதிரி சேர்மானங்கள் இருக்கும், படிந்து நிற்கும். ஃபார்மசியில் ஆல்கஹால் ஸ்வாப் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

கழற்றும் முன்னால் உங்கள் கேஸை அளந்து பாருங்கள். ஏகே400இன் உயரம் 155 மி.மீ. போர்டிலிருந்து பக்க மூடி வரை அதற்கு மேல் இடம் வேண்டும். கேஸ் தயாரிப்பாளரின் பக்கத்தில் கூலர் உயரம் எவ்வளவு வரை என்று போட்டிருப்பார்கள். ஒல்லியான கேஸ்களில் இது இடிக்கும்.

அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டு மாட்டுங்கள். ரிப்பேருக்கு வரும் கணினிகளில் இதை உரிக்காமலே மாட்டியிருப்பதை இன்றும் பார்க்கிறேன். ஸ்க்ரூ இறுக்கும்போது ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி, தானாக நிற்கும் வரை. ஃபேனின் சட்டக் கம்பிகள் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். அந்தப் பக்கம் கூலரின் மெல்லிய உலோகத் தகட்டு அடுக்கைப் பார்க்க வேண்டும், காற்று கேஸின் பின்புற ஃபேனை நோக்கிப் போக வேண்டும். ஒயரைப் போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். வேறு இடத்தில் செருகினால் பல போர்டுகள் ஃபேன் பிழை என்று காட்டி நின்றுவிடும்.

ஆயர் ஈத்தாம் மாணவன்:

நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர். எனக்கும் இப்படி உருவிக்கொண்டு வருமா அக்கா? அண்ணனின் பழைய பத்தாம் தலைமுறைக் கணினியில் ஒரு நல்ல கூலர் இருக்கிறது, அதை இதில் போடலாமா?

பாயான் லெப்பாஸ் அக்கா:

உனக்கு வராது தம்பி. இன்டெல்லில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, ப்ராசஸரை ஓர் இரும்புச் சட்டம் மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிறது. ஆனால் அண்ணனின் கூலர் அப்படியே பொருந்தாது. பத்தாம் தலைமுறையின் எல்ஜிஏ1200 சாக்கெட்டில் கூலர் மாட்டும் துளைகளுக்கு இடையே 75 மி.மீ., உன்னுடைய எல்ஜிஏ1700இல் 78 மி.மீ. அந்தக் கூலர் கம்பெனி எல்ஜிஏ1700க்கான பிராக்கெட் தருகிறதா என்று பார். இல்லாவிட்டால் இழுத்துப் பிடித்து மாட்ட முயலாதே, அழுத்தம் சமமாக விழாது.

செந்தூல்வாசி:

அக்கா, அண்ணே, இருவருக்கும் மிக்க நன்றி. கேஸை அளந்தேன், 160 மி.மீ. வரை இடம் இருக்கிறது. ரெண்டர் ஓடவிட்டுத் திருகினேன், ப்ராசஸர் சாக்கெட்டிலேயே நின்றது! புதியதை மாட்டியாகிவிட்டது. அதே மதிய நேரம், அதே வகை ரெண்டர், இப்போது 73, 74இல் நிற்கிறது. ஆனால் யூடியூப் சோதனைகளில் இதே கூலரோடு அறுபதுகளில் காட்டுகிறார்களே. நான் மாட்டியதில் ஏதும் குறையா?

பாயான் லெப்பாஸ் அக்கா:

குறை எதுவும் இல்லை. அவர்கள் சோதிக்கும் அறை 21, 22 டிகிரியில் இருக்கும். காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவாக இருந்தாலும் அறை வெப்பத்துக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் கணக்கு. உங்கள் அறை 32 என்றால் அவர்கள் எண்ணோடு பத்தைக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். 5600க்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 90. நீங்கள் அதிலிருந்து நன்றாகவே தள்ளி இருக்கிறீர்கள்.

சத்தம்தான் உங்களுக்கு முக்கியம் என்பதால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் வளைவை, அதாவது எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்பதை, திருத்துங்கள். 60 டிகிரி வரை பாதி வேகத்துக்குக் கீழே, 80க்கு மேல் முழு வேகம். இடையில் படிப்படியாக ஏறட்டும். வேகம் மாறுவதற்குத் தாமதம் வைக்கும் அமைப்பு உங்கள் போர்டில் இருந்தால் இரண்டு மூன்று நொடி கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கிளிப்பைத் திறக்கும்போதும் ஃபேன் ஏறி இறங்கும். அறையில் சாம்பிராணி போடுகிறவர் என்றால் கூலரின் தகட்டு இடுக்குகளில் தூசி பிசுபிசுப்பாகப் படியும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.