வீட்டுல இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போறது: கேட்வே போட்டவங்க அனுபவத்தச் சொல்லுங்க

திருப்பூர் சர்வர்ரூம்:

நான் பாக்கறது பனியன் கம்பெனிகளுக்கு ஐடி வேலைங்க. எங்கூருல ரிமோட் ஆக்சஸ் எப்ப வந்துதுன்னு கேட்டா பாதிப்பேர் 2020 மார்ச்சுன்னு தான் சொல்லுவாங்க. லாக்டவுன் அறிவிச்ச ராத்திரியே ரவுட்டர்ல 3389 போர்ட்ட, அதாவது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் (ஆர்டிபி) வர்ற வழிய, வெளிய இருந்து நேரா உள்ள வர்ற மாதிரி பார்வேர்ட் பண்ணி உட்டுட்டு, அக்கவுண்டன்ட் ஊட்ல இருந்து டேலி போட்டாப் போதும்னு ஆரம்பிச்சாங்க, லாக்டவுன் முடிஞ்சும் அதை மூடோணும்னு யாருக்கும் தோணுல.

புதுசா ஒரு கம்பெனிக்குப் போனப்ப மொதலாளி என்னைக் கூப்பிட்டது ரிமோட் விஷயமாக் கூட இல்லைங்க. "தம்பி, தெனம் காலைல என் லாகின் லாக் ஆயிருது, கீபோர்டு போயிருச்சான்னு பாருங்க"ன்னாரு. ஈவென்ட் வியூவர்ல செக்யூரிட்டி லாகைத் தொறந்தா 4625, 4625ன்னு எறங்கீட்டே இருக்குது, அது பெயிலான லாகின். நடுவுல நடுவுல 4740, அது அக்கவுண்ட் லாக்கானது. எந்தெந்தப் பேருல முயற்சி பண்றாங்கன்னு பாத்தா அட்மின், டெஸ்ட், ஸ்கேனர், அக்கவுண்ட்ஸ், டேலி, அதுக்கு நடுவுல மொதலாளி பேரு. அவுரு மெயில் ஐடி தான் கம்பெனி வெப்சைட்லயே போட்டிருக்குதே. வெளிய எவனோ ராப்பூரா தப்புப் பாஸ்வேர்டு போட்டுப் போட்டு இங்க காலைல மொதலாளி உள்ள போக முடியறதில்ல, கீபோர்டு பாவம் என்ன பண்ணும்.

அதுக்கு முன்னாடி பாத்துட்டிருந்த தம்பி போர்ட் நம்பர மட்டும் வேறயா மாத்தி வெச்சிருந்தாப்ல. அதுல ஒண்ணும் பிரயோஜனமில்லைங்க. ஷோடான் மாதிரி தேடற சைட்டுக 3389 மட்டுமில்லாம நெறைய போர்ட்டத் தட்டிப் பாக்குது, ஆர்டிபி வேற நம்பர்ல ஒளிஞ்சாலும் அது பதில் சொல்ற தோரணையிலயே மாட்டிக்கும். பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா இருந்தாப் போதும்னு நெனைக்கறவங்க 2019 மே மாசம் வந்த புளூகீப்ப ஞாபகம் வெச்சுக்கோங்க. பாஸ்வேர்டே இல்லாம உள்ள வர்ற ஓட்டை அது. சப்போர்ட் எப்பவோ முடிஞ்சுபோன எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாப்ட் பேட்ச் உட்டாங்கன்னா எவ்வளவு பயந்திருப்பாங்கன்னு பாத்துக்கோங்க.

அதனால மொத வேலையா அந்த பார்வேர்டிங்க எடுத்துப்போட்டு ஆர்டி கேட்வே போட்டேன், வெளிய இருந்து வர்றவங்கள வாசல்லயே நிறுத்திச் சோதிச்சு உள்ள உடற சர்வர் அது. விண்டோஸ் சர்வர்லயே இருக்கற ரோல் தான், 2008ல டிஎஸ் கேட்வேன்னு வந்தது. வெளிய 443 மட்டும் தொறந்திருக்கும், ஆர்டிபி அதுக்குள்ள டிஎல்எஸ்ல (என்கிரிப்ட் ஆகி) போகும். வேகத்துக்குன்னு யூடிபி 3391ம் தொறக்கலாம், நான் தொறக்கல. 2020 ஜனவரில கேட்வேலயே ரெண்டு பெரிய ஓட்டை வந்துச்சு, ரெண்டும் அந்த யூடிபி வழில தான். கேட்வே போட்டாச்சுன்னு பேட்ச் போடாம உட்டா, முன்னாடி உள்ள இருந்த ஆபத்த வாசலுக்குக் கொண்டுவந்து வெச்ச கதை தான்.

சர்டிபிகேட் சமாச்சாரம் இன்னொண்ணு. செல்ப் சைன்டு (நம்மளே தயார் பண்ணிக்கறது) போட்டா ஒவ்வொரு லேப்டாப்பா போய் இன்ஸ்டால் பண்ணோணும், இல்லாட்டி கனெக்ட்டே ஆகாது. லெட்ஸ் என்கிரிப்ட் ப்ரீ, ஆனா 90 நாள் தான் ஆயுசு. ரினியூ ஆனா மட்டும் பத்தாது, புது சர்டிபிகேட்ட கேட்வேல மாட்டியும் உடோணும். வின்-ஆக்மி டூல்ல அதுக்குன்னே ஸ்கிரிப்ட் கூட வருது, அதைப் போட்டு உட்டுட்டா மறந்துரலாம்.

இவ்வளவும் ஒருநாள் வேலைங்க. நெஜமான வேலை யாரு எதுக்குள்ள போகலாம்னு முடிவு பண்றது. கேட்வேல ரெண்டு பாலிசி இருக்குது: கேப், ராப். கேப்புங்கறது யாரு வாசல்ல நுழையலாம்னு சொல்றது, ராப்புங்கறது நுழைஞ்சவங்க எந்த மெஷினுக்குப் போகலாம்னு சொல்றது. சர்வர் மேனேஜர் விசார்டு போட்டுத் தர்ற பாலிசில டொமைன்ல இருக்கற எல்லாரும் எல்லா கம்ப்யூட்டருக்கும் போகலாம்னு இருக்கும், நான் பாத்த எடத்துலெல்லாம் அதை அப்பிடியே உட்டு வெச்சிருக்காங்க. அப்பறம் மெர்ச்சண்டைசர் (பையர் ஆர்டரப் பாத்துக்கறவரு) ஐடில, எல்லாரோட லாகினையும் வெச்சிருக்கற டொமைன் கன்ட்ரோலருக்கே ஆர்டிபி தட்டலாம். நான் குரூப் பிரிச்சேன். அக்கவுண்ட்ஸுக்கு டேலி சர்வர் மட்டும், மெர்ச்சண்டைசருக்கு அவங்கவங்க டெஸ்க்டாப், கட்டிங், செக்கிங் ஆளுகளுக்கு ரிமோட்டே கெடையாது. டேலி சர்வருக்கு டிரைவ் ரீடைரக்ஷன் (ஊட்டு லேப்டாப் டிரைவ அங்க காட்டி பைல் காப்பி பண்ண உடறது) ஆஃப், ஏன்னா பையர் ரேட் ஷீட் பூராவும் அங்க தான் கெடக்குது.

இதுக்கு மொதலாளி ஒண்ணும் சொல்லல, மெர்ச்சண்டைசிங் மேனேஜர் தான் சண்டைக்கு வந்துட்டார். "நான் பதினஞ்சு வருசமா இருக்கறேன், என்னைய நம்பலீங்களா"ன்னு. உங்களை நம்பறேனுங்ணா, உங்க பாஸ்வேர்ட உங்க பையன் லேப்டாப்ல சேவ் பண்ணி வெச்சிருக்கீங்களே அந்த லேப்டாப்பத் தான் நம்பல, அதுல அவன் என்னென்ன கேம் எறக்கியிருக்கானோன்னு சொன்னேன். சிரிச்சுப்போட்டுப் போயிட்டார்.

சோமனூர் தறி:

உங்களுக்காவது பார்வேர்ட் பண்ண போர்ட் இருந்துச்சுங்க. எங்க மாமா தறிப்பட்டறைல லோக்கல் பிராட்பேண்ட். ரவுட்டர்ல வேன் ஐபி பாத்தா 100.72ன்னு ஆரம்பிக்குது. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் எது வந்தாலும் அது சிஜிநாட், ஒரே பப்ளிக் ஐபிய பல ஊட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்கறது. நீங்க ரவுட்டர்ல தலைகீழா நின்னு பார்வேர்ட் பண்ணாலும் வெளிய இருந்து ஒண்ணும் வராது. ஸ்டேடிக் ஐபி கேட்டா தனிக் கனெக்ஷன்னாங்க, மாமா "நூல் வெல இருக்கற இருப்புக்கு இது வேறயா"ன்னுட்டார்.

அதனால சின்ன விபிஎஸ் (இன்டர்நெட்ல இருக்கற சர்வர்) ஒண்ணு வாடகைக்கு எடுத்து அதுல வயர்கார்டுங்கற விபிஎன் போட்டேன், நெட்டுக்குள்ள நமக்குன்னு ஒரு பூட்டுன வழி மாதிரி. பட்டறைல ஒரு பழைய மினி பிசி, அது தானாவே வெளிய விபிஎஸ்ஸக் கூப்பிட்டு லைன்ல இருக்கும், பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25. 25 செகண்டுக்கு ஒருக்கா ஒரு பாக்கெட் தட்டிட்டே இருந்தாத் தான் நாட் அந்த வழிய மூடாம வெச்சிருக்கும். மாமா போனுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணிக் குடுத்தாச்சு, அவுருக்கு அது ஒரு ஆன் ஆஃப் சுவிட்ச், அவ்வளவு தான். வயர்கார்டுல எனக்குப் புடிச்சது என்னன்னா சாவி இல்லாம தட்டறவங்களுக்கு அது பதிலே சொல்லாது, ஸ்கேன் பண்றவனுக்கு அங்க ஒண்ணு இருக்கறதே தெரியாது. லினக்ஸ் கெர்னல்லயே 5.6ல இருந்து இருக்குது.

ஒரு தொந்தரவு வந்துச்சு. பிங் போகுது, ஆனா ஆர்டிபி தொறந்தா கருப்புத் திரை, அங்கயே நின்னுரும். எம்டியு தான், அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கற அளவு. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு வர்ற பிராட்பேண்ட்) லைன்ல வயர்கார்டோட 1420 சில சமயம் செட்டாகாது, 1380க்கு எறக்குனதும் சுளுவா ஓடுச்சு.

இன்னொண்ணு, அலவ்டு ஐபில ஒவ்வொரு ஆளுக்கும் /32 (ஒரே ஒரு ஐபி) மட்டும் குடுங்க. அப்பறம் மறக்காம பயர்வால்ல அந்த ஆளு போகவேண்டிய மெஷினையும் போர்ட்டையும் மட்டும் உடுங்க. வயர்கார்டு சாவிய மட்டும் தான் பாக்கும், உள்ள வந்தவன் எங்க போறான்னு அது கேக்காது. டபுள்யூஜி ஷோன்னு கமாண்ட் அடிச்சா ஒவ்வொருத்தரும் கடைசியா எப்ப வந்தாங்கன்னு லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்ல காட்டும், ரொம்ப நாளா வராத சாவியெல்லாம் எடுத்துப்போடுவேன். வேணும்னா திருப்பிக் கேக்கட்டும்.

பெருந்துறை பிளான்ட்:

நம்முளது டையிங். எங்களுக்கு வந்த வெசனம் எங்க ஸ்டாஃப் ஆளுகளால இல்லைங்க, மெஷின் வித்தவங்களால. மெஷின் எறக்குனப்பவே கன்ட்ரோல் பேனல் பிசில ஒரு ரிமோட் சாப்ட்வேர் போட்டு, ஆளில்லாமயே உள்ள வர்ற பாஸ்வேர்டும் செட் பண்ணிட்டுப் போயிருக்காங்க. அந்தப் பாஸ்வேர்டு அவங்க சர்வீஸ் ஆளுக அத்தனை பேருக்கும் ஒண்ணு தான், எங்களுக்கு மட்டுமில்ல, மெஷின் வாங்குன எல்லாருக்குமே அதேன்னு அவங்க எஞ்சினியரே பேச்சுவாக்குல சொல்லிப்போட்டார்.

ஒருநாள் நைட் ஷிப்ட்ல ஜெட் மெஷின்ல துணி ஏத்தீட்டிருக்காங்க. ஆபரேட்டர் பேனல்ல கைய வைக்கல, மௌஸ் தானா நகருது. பாராமீட்டர் ஸ்கிரீன் தொறக்குது. அந்தாளு நல்லவேளை எமர்ஜென்சி ஸ்டாப்ப அமுக்கீட்டு சூப்பர்வைசரக் கூப்பிட்டார். விசாரிச்சா சர்வீஸ் ஆளு வேற கம்பெனி மெஷினுக்குப் போறதுக்குப் பதிலா எங்களுதுக்கு வந்துட்டாராம். டேட்டா போனாப் போகுது, பேக்கப் இருக்குது. உள்ள கைய உட்டுட்டிருக்கறப்ப ரீல் சுத்துனா என்ன பண்றது.

அன்னிக்கே அந்த சாப்ட்வேர எடுத்தாச்சு. இப்ப அதுக்குப் பதிலா அப்பாச்சி குவாக்கமோலிங்கற ரிமோட் கேட்வே. வெளிய இருக்கறவங்களுக்கு பிரவுசர் மட்டும் போதும், எங்க நெட்வொர்க்குக்குள்ள நேரடியா வரமாட்டாங்க, ஸ்கிரீன் படம் தான் அவங்களுக்குப் போகும். போட்ட உடனே குவாக்அட்மின்னு வர்ற டீபால்ட் ஐடிய அழிச்சுருங்க, பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணேதான், ஊருக்கே தெரியும். குவாக்கமோலியோட உள் சர்வீஸ் பேசற 4822 போர்ட் வெளிய தொறக்காம உள்ளுக்குள்ளயே இருக்கட்டும். இதுல யூசருக்கு எந்தத் தேதி வரைக்கும், எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு குடுக்கலாம். சர்வீஸ் ஆளு போன் பண்ணா, மெஷின் நின்னிருக்குதான்னு ஷிப்ட் இன்சார்ஜக் கேட்டுட்டு, அன்னிக்கு ஒருநாளைக்குத் தொறந்து உடுவோம். செஷன் ரெக்கார்டிங்கும் ஆன். ரெக்கார்ட் ஆகுதுன்னு தெரிஞ்சதுல இருந்து அவங்க வேலையும் சீக்கிரம் முடியுது, அது என்ன மாயமோ.

கணபதி பம்ப்செட்:

டிஓடிபி (போன் ஆப்ல மாறிட்டே இருக்கற லாகின் கோடு) போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க லினக்ஸ் பெட்டில கோடு கரெக்டா அடிச்சும் தப்புன்னே வந்துட்டிருந்துச்சு, எல்லாரும் ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடியும் போட்டுப் பாத்தாங்க. கடைசில பாத்தா கரண்ட் போயி வந்ததுல பெட்டியோட கடிகாரம் பின்தங்கிருச்சு, சீமாஸ் பேட்டரி செத்துப்போச்சு. 30 செகண்டுக்கு ஒரு கோடு மாறுது, நேரம் தப்புன்னா கோடும் தப்பு தானுங்க. என்டிபி (நெட்ல இருந்து நேரத்தச் சரி பண்ணிக்கறது) வெச்சுருங்க, பேட்டரியையும் மாத்தீருங்க. அப்பிடியே பயாஸ்ல கரண்ட் வந்தா தானா ஆன் ஆகற மாதிரி வெச்சிருங்க, மாசாந்திர ஷட்டவுன் அன்னிக்கு யூபிஎஸ் எறங்கிருச்சுன்னா சாயங்காலம் சுவிட்ச் போட யாராவது போகோணும்.

கரூர் அக்கவுண்ட்ஸ்:

சர்வர்ரூம் அண்ணா, உங்க கேட்வேல எம்எப்ஏ (பாஸ்வேர்டு போக போன்லயும் ஒருக்கா உறுதி பண்றது) போட்டிருக்கீங்களா? எங்க ஆடிட்டருக்கு மட்டும் வேணும், அதுக்கு இவ்வளவு பண்ணோணுமா?

திருப்பூர் சர்வர்ரூம்:

போட்டிருக்கறேனுங்க, என்பிஎஸ் (விண்டோஸ்ல லாகினச் சரிபாக்கற சர்வீஸ்) எக்ஸ்டென்ஷன் வழியா. அதைக் கேட்வே இருக்கற சர்வர்லயே போடாதீங்க, தனி என்பிஎஸ்ல போடுங்க. ராடியஸ் (கேட்வே என்பிஎஸ்ஸக் கேக்கற வழி) டைம்அவுட்டையும் 60 செகண்டாக்குங்க, இல்லாட்டி போன எடுத்து அப்ரூவ் அமுக்கறதுக்குள்ள கனெக்ஷன் அறுந்துரும். ஆர்டி கேட்வேல கோடு டைப் பண்ண எடமில்ல, நம்பர் மேட்ச்சிங்கும் (ஸ்கிரீன்ல வர்ற நம்பரப் போன்ல அடிக்கறது) வராது, அப்ரூவ், டினை ரெண்டு தான். அதனால ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்கறது தான் முக்கியம். எங்க மொதலாளி காங்கயத்துல ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துல பந்தில உக்காந்திருக்கறப்ப போன்ல அப்ரூவ்னு வந்திருக்குது. டினை அமுக்கீட்டு எனக்குப் போன் பண்ணி, "நான் சாப்பிட்டுட்டு இருக்கறேன், என் பேருல யாரு தம்பி உள்ள போறது"ன்னாரு. அவுரு பாஸ்வேர்டு எங்கயோ வெளிய போயிருச்சுன்னு அப்பத் தான் தெரிஞ்சுது, அங்கிருந்தே மாத்த வெச்சோம்.

ஆடிட்டர் ஒருத்தருக்குன்னா சோமனூர்க்காரர் வழி போதும், அவருக்கு டேலி மெஷின் ஒண்ணு மட்டும் தொறங்க. ஆனா அவரு ஆபீஸ்ல எத்தனை பேரு அந்த ஒரே ஐடிய யூஸ் பண்றாங்கன்னு மொதல்லயே கேட்டுக்கோங்க, ஆளுக்கொரு ஐடி தான் குடுக்கோணும். லாகையும் பத்திரமா வைங்க. செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் இருக்கோணும், ஏதாச்சும் நடந்துச்சுன்னா 6 மணி நேரத்துல சொல்லோணும். விண்டோஸ் செக்யூரிட்டி லாக் டீபால்ட்டா 20 எம்பி தான், கொஞ்ச நாள்லயே பழசு மேல எழுதிரும், சைஸ ஏத்தி வேற மெஷினுக்கும் காப்பி எடுங்க. கேட்வே லாக்ல 302 யாரு வந்தா, 303 எப்ப போனா, எவ்வளவு டேட்டா போச்சுன்னு காட்டும்.

அந்த 303ல தான் எங்க பழைய மெர்ச்சண்டைசர் ஐடி ஒண்ணு ஞாயித்துக்கிழமை ராத்திரி நெறைய டேட்டா இழுத்தது தெரிஞ்சுது. அந்தாளு தீபாவளி போனஸ் வாங்கிட்டு வேற கம்பெனிக்குப் போயாச்சு, எச்ஆர்ல யாரும் எங்கிட்டச் சொல்லல. இப்ப கணக்கு செட்டில்மென்ட் பேப்பர்ல என் கையெழுத்து இருந்தாத் தான் கேஷியர் பணம் குடுப்பாரு. அந்தக் கையெழுத்தப் போடறதுக்கு முன்னாடி ஐடிய டிசேபிள் பண்ணிருவேனுங்க.