பொருள்: டிராக், சால்வர் – திங்கட்கிழமைக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.
மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர்களுக்குச் செய்முறைக் குறிப்பு எழுதுகிறேன். அகமது வடிவத்தின் (1984இல் வெளிவந்த 1044 மி.மீ. நீள எளிய கார் உருவம்) டிராக் (ஓடும் பொருளைக் காற்றோ நீரோ பின்னுக்கு இழுக்கும் விசை) கெழுவை ஓப்பன்ஃபோம் என்ற பாய்வுக் கணிப்பு மென்பொருளில் கணக்கிட வேண்டும். டிராக் இழுவையா, தடையா? சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சால்வருக்கு என்ன சொல்?
– ந.

இழுவை என்றால் டிராக்டர்தான் நினைவுக்கு வருகிறது, ஐயா. 'காற்றுத்தடை' போதும். லாரி ஓட்டுநருக்கும் புரியும்.
– செ.

நீர்மூழ்கிக்கும் காற்றுத்தடையா? 'பின்னிழுவை' என்று எழுதுங்கள். சால்வருக்கு, செயலி, உலாவி வரிசையில் 'தீர்வி'.
– மு.

'தீர்வு' முற்றியலுகரத்தில் (குறுகாமல் ஒலிக்கும் உகரத்தில்) முடிகிறது. செயல் என்பதில் இகரம் ஏறியதுபோல் இங்கே ஏறுமா? 'முற்றும் அற்று ஒரோவழி' (உயிர் வந்தால் முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும்) என்று நன்னூலைக் காட்டுவீர்கள்; அந்த 'ஒரோவழி' இதுதானா? மேலும், 'தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட் டாகும்' என்பது தொல்காப்பியம்; அதாவது, தீர்தல் என்றால் விடுதல். விடை பிறப்பதும் விடுவிலிருந்துதான். ஆகவே 'விடுவி'.
– பெ.

விடுவி என்றால் மாணவன் சிறைக்கதவைத் தேடுவான்.
– செ.

பெயர் இருக்கட்டும், எந்தத் தீர்வி என்று முடிவு செய்தீர்களா? அகமது வடிவத்தின் பின்சரிவு (பின்முனைச் சாய்வு) 25 பாகை என்றால் காற்று சரிவின் மேல்விளிம்பில் பிரிந்து மறுபடி ஒட்டுகிறது. இரு பக்கமும் சுழல்கள் எழுகின்றன. கொந்தளிப்பைச் சராசரியாக்கும் ஓப்பன்ஃபோம் தீர்வியான சிம்பிள்ஃபோம், பெரும்பாலும், பிரிந்த காற்றை ஒட்டவே விடாது. படம் அழகாக வரும், எண் தவறும். 30 பாகையைத் தாண்டினால் இழுவை சட்டென்று விழும். அந்த இடத்தில் மாணவர்கள் திணறுவார்கள். பெருஞ்சுழல்களை நேரத்தோடு தொடரும் முறை இதைப் பிடிக்கும். ஆனால் கல்லூரிக் கணினியில் இரவெல்லாம் ஓடினாலும் முடியாது. ஆகவே 35 பாகை கொடுங்கள். அங்கே காற்று முழுதும் பிரிந்துவிடும், எளிய தீர்வியே ஓரளவு சமாளிக்கும். 'நிலைத் தீர்வி', 'நேரத் தீர்வி' என்று இரண்டு பெயர் வைத்தால் வேறுபாடும் விளங்கும்.
– வ.

நன்றி. 35 பாகையே வைத்துக்கொள்கிறேன். இழுவை, தீர்வி என்று எழுதி, முதல் பக்கத்தில் மட்டும் டிராக், சால்வர் என்று அடைப்புக்குறிக்குள் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.
– ந.

வகுப்பில் நான் காற்றுத்தடை என்றுதான் சொல்வேன்.
– செ.

'இழுவைக் கெழு' என்றா அச்சாகிறது? 'குருவும் கெழுவும் நிறனா கும்மே' என்கிறது தொல்காப்பிய உரியியல். இழுவைக்கு என்ன நிறம்? கெழுவுக்கு மாற்றான 'குணகம்' என்பதை வடசொல் என்று தள்ளியது யார்? தனி இழையில் பேசலாம்.
– பெ.