புதுப்பிப்பு: வயதான பிறகும் பன்றி வேட்டை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காட்டில் தொடர்ந்து பன்றி வேட்டைக்குப் போக ஆசை, ஆனால் இறக்கத்தில் முட்டி வலிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது வலி நன்றாகவே குறைந்திருக்கிறது.

அதிகம் உதவியது தொடைப் பயிற்சிதான். இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தொடைத்தசை பிடித்து நிறுத்த வேண்டும். அது தளர்ந்தால் சுமை முட்டிக்குப் போகிறது. அதனால் வீட்டுப் படியில் மெதுவாக இறங்கிப் பழகுகிறேன், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுகிறேன். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வாரத்தில் 3 நாளாவது தசைவலு, சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டியில் சொல்கிறது. சமநிலையை லேசாக நினைக்காதீர்கள். மழை பெய்த செம்மண் சரிவில் துப்பாக்கியோடு வழுக்குவது உயிர் ஆபத்து. சரிவுக்கு முன்பே தோட்டாவை எடுத்துவிடுகிறேன்.

பன்றியைத் தூக்குவதைத் தம்பிகளிடம் விட்டாச்சு. தடம் பார்ப்பதும் காற்றுத் திசை கவனிப்பதும் இன்னும் என் வேலை; பன்றிக்கு மோப்பம் அவ்வளவு கூர்மை.

அப்புறம், தனியாகப் போகலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: வேண்டாம்ணே. உள்காட்டில் போன் லைன் கிடைக்காது, துணைக்கு ஒருவராவது வேண்டும். பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) லைசன்ஸும் கையில் இருக்கட்டும்.