பழைய க்யூ.எஸ்.எல். கார்டுக் கட்டு: 5/11/54 என்றால் எந்த மாதம்?

ஹாம் என்றால் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர். ஒரு தொடர்பு நடந்ததை உறுதிசெய்து அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டைதான் க்யூ.எஸ்.எல். கார்டு. பரணிலிருந்து ஒரு ஹாமின் கார்டுக் கட்டு இறங்கினால் முதலில் ரப்பர் பேண்டைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுக்க வேண்டாம். காய்ந்த ரப்பர் மேல் கார்டில் ஒட்டியிருக்கும். இழுத்தால் மையும் கூடவே வந்துவிடும். இரண்டாவது, வரிசையைக் கலைக்காதீர்கள். பலர் லாக் புத்தக (தொடர்புகளைக் குறித்துவைக்கும் நோட்டு) வரிசையிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். தேதி அழிந்துபோன கார்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் கார்டுகள்தான் துப்பு. பின்பக்க மூலையில் 2பி பென்சிலால், அழுத்தாமல், எண் போட்டுவிட்டுப் பிரியுங்கள். பால்பாயின்ட் பேனா தொடவே கூடாது.

ஆண்டு தெரியாவிட்டால் அச்சடித்த வார்த்தைகளைப் பாருங்கள். சிக்னல் ரிப்போர்ட் ஆர்.எஸ்.டி. முறையில் (தெளிவு, வலிமை, தொனி மூன்றுக்கும் எண்) இருந்தால் கார்டு 1934க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த முறையே அப்போதுதான் வந்தது. ஆனால் பழைய முறையில் க்யூ.எஸ்.ஏ. 5, ஆர் 7 என்று இருப்பதால் மட்டும் 1934க்கு முந்தியது என்று சொல்லிவிடாதீர்கள். பழைய முறையை அதற்குப் பிறகும் விடாதவர்கள் உண்டு, மிச்சமிருந்த பழைய கார்டிலேயே எழுதியவர்களும் உண்டு. அமெரிக்க அழைப்புக்குறி ‘என்.யு.’ என்று தொடங்கினால் 1927-28தான். 1928 அக்டோபரில் அது டபிள்யூ ஆகிவிட்டது. ‘வி.எஸ்.7’ என்றால் பழைய சிலோன், பிறகு வந்தது 4எஸ்7.

அதிகம் பேர் கவனிக்காதது ‘ரிசீவர்’, ‘டிரான்ஸ்மிட்டர்’ என்ற வரிகள். ரிசீவர் ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 என்றால் 1946க்கு முன்னால் போக முடியாது. டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டமான ஃபைனலில் 6எல்6 வால்வு என்றால் 1936க்கு முன்னால் இல்லை. 18 அல்லது 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் 1970ல் பேசியதாகக் கார்டு வந்தால் நம்பாமல் கீழே வைத்துவிடுங்கள். 1979 உலக வானொலி மாநாட்டில்தான் அந்தப் பேண்டுகளை ஹாம்களுக்கு ஒதுக்கினார்கள்.

*

மேலே சொன்னதோடு போர்க்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஹாம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரில். அந்த ஆண்டுகளின் தேதியோடு ஒரு வி.யு.2 (இந்திய அழைப்புக்குறி) கார்டு வந்தால் முதலில் அது எஸ்.டபிள்யூ.எல். கார்டா என்று பாருங்கள். வானொலி கேட்பவர் அனுப்பும் கார்டும் அச்சில் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

தலைப்பில் உள்ள தேதிக்கு வருவோம். எஃப்.என்.8 என்று தொடங்கும் அழைப்புக்குறி பிரெஞ்சு இந்தியா: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். எத்தனை நாடுகளோடு பேசினோம் என்று ஹாம்கள் எண்ணும் டி.எக்ஸ்.சி.சி. விருதுக் கணக்கில் இது தனி நாடாக இருந்து நீக்கப்பட்டது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததால், அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புகள் மட்டுமே செல்லும். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16தான் என்றாலும் அந்தத் தேதி இங்கே உதவாது. இப்போது 5/11/54 என்று எழுதிய ஒரு எஃப்.என்.8 கார்டு கிடைக்கிறது என்று வையுங்கள். மே 11 என்றால் செல்லும். நவம்பர் 5 என்றால் வெறும் காகிதம்.

பிரெஞ்சுக்காரர்கள் நாளை முதலில் எழுதுவார்கள், அமெரிக்கர்கள் மாதத்தை. கார்டை எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி, பெற்றவர் யார் என்பதல்ல. அவரே எழுதிய இன்னொரு கார்டில் 12க்கு மேல் ஒரு எண் இருந்தால் அவர் பழக்கம் தெரிந்துவிடும். தபால் முத்திரை இருந்தால் அதையும் பாருங்கள். 1954 மே மாத முத்திரை குத்திய கார்டில் நவம்பர் தொடர்பு இருக்க முடியாது. தபால்தலைக்காகக் கார்டை நீரில் ஊறவைத்துத் தலையைப் பிரித்தவர்கள் அழித்தது இந்தச் சாட்சியைத்தான். 5.XI.54 என்று மாதத்தை ரோமன் எண்ணில் எழுதிய புண்ணியவான்களும் உண்டு, அவர்களால் சிக்கல் இல்லை.

நேரத்திலும் ஒரு பொறி. ஜி.எம்.டி. என்று போடாமல் உள்ளூர் நேரம் எழுதியிருந்தால் இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். அதிகாலை 3 மணி என்பது ஜி.எம்.டி.யில் முந்தைய நாள் இரவு 9.30. அக்டோபர் 31, நவம்பர் 1 கார்டுகளில் இதனாலேயே முடிவு மாறும்.

*

பாதுகாப்பது பற்றி. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், சூடும் பசையும் திரும்பிப் போகாது. கடையில் விற்கும் பி.வி.சி. ஆல்பமும் வேண்டாம்: அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்ல வெளியே கசிந்து மையை இளக்கும், கார்டு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். கார்டு 9 × 14 செ.மீ.தான் வழக்கம், ஆனால் பழையவற்றில் பெரியவையும் உண்டு. உறைக்காக ஓரத்தை வெட்டாதீர்கள். கடலோர ஊர்களில் சிலிகா ஜெல் போட்டு மூடிய டப்பாவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜெல்லைச் சூடாக்கி மறுபடி வைப்பதும் அவசியம். இல்லையென்றால் ராமபாணப் பூச்சி பசை தேடி முதலில் தபால்தலையைத்தான் தின்னும். ஸ்கேன் இரண்டு பக்கமும், 600 டி.பி.ஐ., கலரில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய பென்சில் எழுத்து போய்விடும்.

*

கார்டுக் கட்டோடு அந்த எஸ்-38 ரிசீவரும் பரணிலிருந்து இறங்கினால், ஆர்வத்தில் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். அது 117 வோல்ட் செட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது. முதல் மாடலில் 12 வோல்ட் வால்வு நான்கு, 35எல்6 (ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு), 35இசட்5 (ஏ.சி.யை டி.சி.யாக்கும் வால்வு) என ஆறு வால்வுகளின் ஹீட்டரும் தொடராக இணைந்து ஏறக்குறைய 120 வோல்ட் எடுக்கும். 230ல் செருகினால் ஏதாவது ஒரு ஹீட்டர் உடனே போகும். வோல்ட்டைக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் போதாது, அது மெயினிலிருந்து பிரிக்காது. தனித்தனி வைண்டிங் உள்ள 230/115 வோல்ட், குறைந்தது 50 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இதில் சேஸிஸ் (உள்ளே பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) மெயினோடு சேர்ந்தது. வெளிக் கேபினட்டைப் பிரித்து வைத்திருப்பது சில வாஷர்கள் மட்டுமே. எழுபது, எண்பது வருஷத்தில் அவை பொடிந்திருக்கும்.

கரன்ட் கொடுக்கும் முன் மூன்று வேலை. ஃபில்டர் கண்டன்சரை மாற்றுங்கள். முதலாவது 40 மைக்ரோஃபாரடைத் தாண்ட வேண்டாம், பெரிதாகப் போட்டால் சார்ஜ் ஆகும் வேகத்தில் 35இசட்5ன் கேத்தோடு கெடும். மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர் எல்லாவற்றையும் 630 வோல்ட் ஃபிலிம் வகையாக மாற்றுங்கள். சேஸிஸுக்கும் கேபினட்டுக்கும் நடுவே இருப்பதற்கு மட்டும் ஒய்2 (மெயினுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ளதுதான், வேறு எதுவும் ஆகாது.

*

பேப்பர் கண்டன்சர்களில் முதலில் மாற்ற வேண்டியது 35எல்6ன் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிடிவ் வோல்ட் ஏறும், வால்வு அளவுக்கு மீறி இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். வால்வு இன்று கிடைத்துவிடும், அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் அலைய வேண்டும். செட் சூடான பிறகு கிரிட்டில் டி.சி. அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே கழற்றிவிடுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது டிரான்ஸ்ஃபார்மரின் 230 பக்கம் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்ப். எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டு முதலில் பேப்பர் கண்டன்சர்களைப் பாருங்கள். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு ஆகாது.